770 யென்னுக்கு ஓர் இயந்திர மனிதன்

டோக்கியோவின் ஒடைபா பகுதியில் டைவர்சிட்டி என்ற வணிக வளாகம் இருக்கிறது. அதன் ஏழாவது மாடியில் ‘கன்டம் பேஸ் டோக்கியோ’. 2017இல் திறந்த இந்தக் கடையில் விற்பது ஒரே வகைப் பொம்மை: துண்டு துண்டாக வாங்கிப் போய் நாமே பொருத்தி நிறுத்த வேண்டிய கன்டம் உருவங்கள். தரையிலிருந்து தலைக்கு மேல் வரை அடுக்கிய பெட்டிகள். நான் தேடிப் போனது அவற்றில் மிக மலிவான பெட்டிகளில் ஒன்றை. ‘என்ட்ரி கிரேடு’ வரிசையில் வந்த ஆர்எக்ஸ்-78-2 கன்டம், வரியோடு சேர்த்து 770 யென். நம் பணத்தில் ஏறத்தாழ 450 ரூபாய்.

முப்பதாயிரம் யென் பெட்டியில் ஒரு நிறுவனம் தன் திறமையைக் காட்டுவதில் வியப்பில்லை. அதற்குத்தான் அவ்வளவு பணம் வாங்குகிறார்கள். ஒரு பிள்ளை உண்டியலை உடைத்து வாங்கக்கூடிய பெட்டிக்குள் எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது? பொம்மை நிறுவனத்தை நான் எடை போடுவது இதை வைத்துத்தான்.

அதனால் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். டோக்கியோவில் நம்மவர்கள் நிறைய வாழும் நிஷி-கசாயில் என் நண்பர் குடும்பம் இருக்கிறது. அவர் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஜப்பானிய மொழி, வீட்டில் தமிழ், என்னைக் கூப்பிடுவது ‘மாமா’ என்று. லெகோ கட்டியிருக்கிறான், கன்டம் கட்டியதில்லை. சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது.

வளாகத்தின் வாசலில் 19.7 மீட்டர் உயரத்தில் யுனிகார்ன் கன்டம் நின்றது. குறித்த நேரங்களில் அதன் நெற்றிக் கொம்பு இரண்டாகப் பிளந்து, கவசம் விலகி, உள்ளிருந்து சிவப்பு ஒளி வரும். நாங்கள் போனபோது அந்த நேரத்துக்காக ஒரு கூட்டம் கைப்பேசியோடு காத்திருந்தது. பையன் அண்ணாந்து ஒரு தடவை பார்த்தான். “மேல போலாம் மாமா” என்றான். தொட முடியாத பெரிய பொம்மையைவிடத் தொடக்கூடிய சின்னதே அவனுக்கு முக்கியமாக இருந்தது.

கன்டம் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய அனிமேஷன் தொடர் அது. இயக்கியவர் யோஷியுகி டோமினோ. இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஒகவாரா. கதையில் கன்டம் தானாக இயங்கும் ரோபோ அல்ல. ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் போர் இயந்திரம். பார்வையாளர்கள் குறைவாக இருந்ததால் 52 வாரங்களுக்குத் திட்டமிட்ட தொடரை 43ஆவது பகுதியோடு முடித்துக்கொண்டார்கள். மறு ஒளிபரப்பில்தான் கதை பிடித்துக்கொண்டது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் அந்த இயந்திரத்தை 144இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாடலாகக் கொண்டுவந்தது. விலை 300 யென். கடைகளின் முன் வரிசை நின்றது. ‘கன்டம் பிளாஸ்டிக் மாடல்’ என்பதைச் சுருக்கி ‘கன்ப்ளா’ என்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை 70 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

அந்த 1980ஆம் ஆண்டுப் பெட்டி இன்றும் மறுபடி மறுபடி அச்சாகி விற்பனைக்கு வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நாற்பது ஆண்டுகளில் என்ன நடந்திருக்கிறது என்று விளங்கும். பழையதில் துண்டுகள் வெள்ளை பிளாஸ்டிக்கில் வரும். கத்தியால் அறுத்து, பசை தடவி, காயும்வரை பிடித்துக்கொண்டிருந்து, பிறகு சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வண்ணம் பூச வேண்டும். பொறுமையும் பழகிய கையும் இல்லாத பிள்ளைக்குக் கிடைப்பது, பசைக் கறையோடு வெள்ளையாக நிற்கும் ஒரு உருவம். 2020இல் வந்த என்ட்ரி கிரேடு கேட்பது பத்து விரல்களை மட்டும். பசை, கத்தி, வண்ணம் எதுவும் தேவையில்லை. ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர்கூடப் பெட்டிக்குள் கிடையாது.

கடையிலேயே உட்கார்ந்து பொருத்திப் பார்க்க மேசைகள் போட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் பையன் செய்த முதல் வேலை சட்டங்களை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. பிளாஸ்டிக் கம்பிச் சட்டத்துக்குள் துண்டுகள் கிளைகளில் தொங்குவதுபோல் நிற்கும். இந்தச் சட்டத்துக்குத் தொழிலில் ‘ரன்னர்’ என்று பெயர். பழைய கன்ப்ளாவில் ஒரு ரன்னருக்கு ஒரு நிறம். இங்கே ஒரே ரன்னருக்குள் வெவ்வேறு நிறத் துண்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே அச்சுக்குள் பல நிறப் பிளாஸ்டிக்கைத் தனித்தனி வழியாகச் செலுத்தி, ஒன்றோடொன்று கலக்காமல் எடுக்கும் இயந்திரத்தைப் பண்டாய் பல பத்தாண்டுகளாக மேம்படுத்தி வருகிறது. மலிவான பெட்டிக்கும் அதே இயந்திரம்தான்.

ரன்னரையும் துண்டையும் இணைக்கும் சிறு காம்பை ‘கேட்’ என்பார்கள். வழக்கமான கன்ப்ளாவில் இதை நிப்பர் என்ற சிறு வெட்டுக்குறடால் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் மேடு நிற்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். என்ட்ரி கிரேடில் காம்பின் கழுத்து மிக மெல்லியது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் துண்டு ‘டப்’ என்று கையில் விழுகிறது.

“மாமா, கையிலேயே வருது!”

முதல் சில துண்டுகளை அவன் பயந்து பயந்து அழுத்தினான். பிறகு விரலுக்குப் பதம் தெரிந்துவிட்டது. நான் ஒரு துண்டைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். முறிந்த இடத்தில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெளுத்த புள்ளி. அது துண்டின் முகப்பில் இல்லை. இன்னொரு துண்டு வந்து மூடப்போகும் ஓரத்தில் இருக்கிறது. எல்லாத் துண்டிலும் இப்படி மறைக்க முடிந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வெள்ளைத் துண்டுகளில் தெரியாத புள்ளி, நீல மார்புப் பகுதியில் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. நகம் தேய்க்கும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். ஆனாலும் ஒவ்வொரு காம்பும் எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது துண்டுக்குத் துண்டு தெரிகிறது.

வழிகாட்டித் தாளில் படிக்க வேண்டியது அதிகமில்லை. சட்டத்தின் எழுத்து, துண்டின் எண், எந்தப் பக்கம் எதில் நுழையும் என்று ஒரு அம்புக்குறி. மொழி தெரியாத பிள்ளையும் கட்டிவிடலாம். அதற்கும் மேல், தப்பாகப் பொருத்த முடியாதபடி துண்டுகளையே செய்திருக்கிறார்கள். இடது தோளுக்கு உரியதை வலது தோளில் வைத்துப் பையன் அழுத்திப் பார்த்தான். உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தான், முளையின் வடிவம் வேறாக இருந்தது. தாளைப் பார்த்து அவனே மாற்றிக்கொண்டான். நான் வாய் திறக்க வேண்டி வரவில்லை. பிள்ளைகளுக்கான பொருளில் இதுதான் உயர்ந்த வடிவமைப்பு என்பேன்.

தலையைக் கட்டும்போது நான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன். மொத்த உருவமே சுமார் 12.5 சென்டிமீட்டர்; கதையில் வரும் 18 மீட்டர் இயந்திரத்தை 144ஆல் வகுத்தால் வருவது அதுதான். அதில் தலை ஒரு நிலக்கடலை அளவு. அதற்குள் மஞ்சள் கண்கள், சிவப்பு மோவாய், நெற்றியில் மஞ்சள் கொம்பு, வெள்ளைத் தலைக்கவசம். எல்லாம் தனித்தனித் துண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி அழுத்துவது. இதைவிட விலை கூடிய எத்தனையோ பொம்மைகளில் கண் என்பது ஒரு ஸ்டிக்கர். ஒரு மழைக்காலம் போனால் ஓரம் உரிந்துகொண்டு நிற்கும். இங்கே உரிய எதுவுமில்லை. பையன் கடைசித் துண்டை அழுத்தித் தலையைத் திருப்பிப் பிடித்தபோது அது அவனைப் பார்த்தது. “முகம் வந்துடுச்சு” என்றான் மெதுவாக.

இரண்டு பாதிகளைச் சேர்த்துச் செய்யும் எந்த பிளாஸ்டிக் பொம்மையிலும் நடுவில் ஒரு கோடு ஓடும். கை, கால்களில் அந்தக் கோடு பொம்மையின் மலிவைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பெட்டியில் கோடு விழும் இடத்தைக் கவசத்தின் தகடுகள் சேரும் இடமாகவே வரைந்துவிட்டார்கள். பார்ப்பவருக்கு அது இயந்திரத்தின் அங்கம். கெண்டைக்கால் பகுதியில் கோடு எங்கே என்று தேடிக் களைத்தேன்.

மூட்டுகளுக்கு வருகிறேன். முன்பெல்லாம் கன்ப்ளாவின் மூட்டுக்குள் ரப்பர் போன்ற மென்மையான சிறு குமிழ்களை வைப்பார்கள். உராய்வுக்கு அவைதான் பொறுப்பு. இதில் அவை இல்லை. பிளாஸ்டிக் நேராகப் பிளாஸ்டிக்கைக் கவ்வுகிறது. கட்டி முடித்த புதிதில் பிடி நன்றாக இருக்கிறது. முழங்கையை மடித்துத் துப்பாக்கியை நீட்டச் சொன்னால் நீட்டுகிறது, தொங்கவில்லை. தோள் முன்னால் வந்து வளைகிறது, இடுப்பு திரும்புகிறது, கால் அகன்று நின்றாலும் பாதம் தரையில் தட்டையாகப் பதிகிறது. பொம்மை நிற்பதும் விழுவதும் கணுக்காலைப் பொறுத்தது என்பது பொம்மை கட்டுகிறவர்களுக்குத் தெரியும். இதன் கணுக்கால் நல்ல கணுக்கால்.

கைவிரல்கள் அசையாது. துப்பாக்கியும் கேடயமும் பெட்டியில் உண்டு. தொடரில் கன்டம் சுழற்றும் ஒளிவாள் கிடையாது. முதுகில் வாளின் பிடிகள் மட்டும் நிற்கின்றன. பையன் அதைத்தான் முதலில் கேட்டான்: “வாள் எங்க மாமா?” ஒரு துண்டு இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் அது, கொடுத்திருக்கலாம். வாளும் தோள்பீரங்கியும் சேர்ந்த பெட்டி தனியாக, கூடுதல் விலைக்கு வருகிறது. இந்தப் பெட்டியில் எனக்கு மனத்தாங்கல் தந்த ஒரே விஷயம் இதுதான்.

பொம்மையை மேசையின் விளிம்பில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது கை நழுவி விழுந்தது. கேடயம் ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம். பையன் முகம் சுருங்கியது. எடுத்துப் பார்த்தோம். எதுவும் முறியவில்லை, மூட்டு கழன்றிருந்தது, அவ்வளவுதான். அழுத்தினான், உட்கார்ந்துகொண்டது. விழும்போது முறிவதைவிடக் கழல்வது நல்லது. ஆனால் இப்படித் தினமும் கழற்றி மாட்டினால் பிளாஸ்டிக் தேயும். சில மாதங்களில் தோள் தளரக்கூடும். அப்போது மூட்டின் முளையில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு பூச்சு பூசி, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் பிடி திரும்பும். கன்ப்ளா கட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வைத்தியம் இது.

லெகோ கட்டிப் பழகிய பிள்ளை என்பதால் அவன் கேட்ட அடுத்த கேள்வி: “எல்லாத்தையும் பிரிச்சு வேற ஏதாவது பண்ணலாமா?” முடியாது. லெகோ நிறுவனம் 2001இல் கொண்டுவந்த பயோனிக்கிள் உருவங்களும் இதே அளவு சிறியவை, இதே போலக் கட்டி விளையாடுபவை. ஆனால் அவற்றை முழுக்கப் பிரித்து, இரண்டு பெட்டிகளின் துண்டுகளைக் கலந்து, பெட்டியில் படம் போடாத மூன்றாவது ஒன்றைச் செய்யலாம். கன்ப்ளாவில் கட்டுவது ஒரு முறை. கட்டியபின் அது கன்டம் மட்டுமே. பிள்ளையின் கற்பனைக்கு இடம் தருவதில் பயோனிக்கிளுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் பயோனிக்கிளின் உடம்பில் இணைப்பு அச்சுகளும் துளைகளும் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். கட்டி முடித்த கன்டத்தைப் பார்த்தால் இது துண்டுகளால் ஆனது என்றே தோன்றாது. இரண்டும் இரண்டு விதமான பிள்ளைகளுக்கு. உங்கள் பிள்ளை எந்த விதம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கட்டி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேசையில் மிஞ்சியது வெற்றுச் சட்டங்கள். கன்ப்ளாவைப் பற்றி எனக்கு நெடுநாளாக இருக்கும் உறுத்தல் இது: வாங்கும் பிளாஸ்டிக்கில் கணிசமான பங்கு கடைசியில் குப்பை. 2021இலிருந்து பண்டாய் நிறுவனக் குழுமம் இந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் திட்டத்தை நடத்துகிறது. கடைக்குள்ளேயே அதற்கான பெட்டி இருக்கிறது. பையன் சட்டங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்ப் போட்டான். ஜப்பானில் இது நடக்கிறது. ஜப்பானுக்கு வெளியே கட்டுகிற பிள்ளை அந்தச் சட்டத்தை எங்கே போடும்? விற்கிற ஒவ்வொரு நாட்டிலும் அந்தப் பெட்டி இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கடைக்குள் இந்தப் பொம்மைகள் தயாராகும் விதத்தை விளக்கும் காட்சிப் பகுதியும் உண்டு. தொழிற்சாலை இருப்பது டோக்கியோவில் அல்ல, ஷிசுவோகாவில். ஜப்பானின் மாடல் பொம்மைத் தொழிலுக்கே தலைநகரம் அது. தமியா, ஆஓஷிமா, ஃபுஜிமி ஆகிய மாடல் நிறுவனங்கள் எல்லாம் அந்த ஊர்தான். சென்கென் கோயில் கட்டுமானத்துக்காக முற்காலத்தில் வந்து தங்கிய தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் அங்கே மரவேலையை வளர்த்தார்கள். மரவேலையிலிருந்து மர மாடல்கள், அதிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள். 2006இல் அங்கே திறந்த பண்டாய் ஹாபி சென்டரில் அச்சு இயந்திரங்களுக்கே கன்டத்தின் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் பூசியிருக்கிறார்கள். மலிவான பொருள் என்றால் மலிவான கூலி கிடைக்கும் வேறு நாட்டுக்கு வேலையைத் தள்ளிவிடுவது பொம்மைத் தொழிலில் பொதுவழக்கம். என் கையிலிருந்த 770 யென் பெட்டியில் ‘ஜப்பானில் தயாரானது’ என்று இருந்தது.

துப்பாக்கி ஏந்திய பொம்மையைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்வி. டோமினோ எழுதிய கதையில் கன்டத்தை ஓட்டும் அமுரோ ரே பதினைந்து வயதுச் சிறுவன். போர் அவனைக் குலைத்துப் போடுகிறது, எதிரணியில் இருப்பவர்களும் பெயரும் முகமும் உள்ள மனிதர்கள். பிள்ளைகளுக்கான ரோபோ கதையில் 1979இல் அப்படிச் சொல்லத் துணிந்தது பெரிய காரியம். பொம்மையை வாங்கித் தருகிறவர் அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். ரயிலில் திரும்பும்போது நான் பையனுக்குச் சொன்னேன். “அவன் ஏன் ஓட்டணும்? பெரியவங்க இல்லையா?” என்று கேட்டான். கதை முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது.

இனி நம் ஊர் நிலவரம். 2020 பிப்ரவரியில் பொம்மைகளின் இறக்குமதி வரியை இந்திய அரசு 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது; 2023இல் அது 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு பிஐஎஸ் தரச்சான்றும் கட்டாயம். உள்ளூர்த் தொழிலைக் காக்கவும், நச்சு வண்ணம் பூசிய தரமற்ற சரக்கைத் தடுக்கவும் எடுத்த நடவடிக்கை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவாக இந்தப் பெட்டி சென்னையில் கிடைத்தால் டோக்கியோ விலையில் கிடைக்காது. இரண்டு, மூன்று மடங்கு சொல்வார்கள். அந்த விலைக்கு இது சுமாரான பேரம்தான்; ஜப்பானிய விலைக்கு இதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை. இணையத்தில் பாதி விலைக்கு அச்சு அசலாக அதே படத்தோடு வரும் போலிகளை வாங்க வேண்டாம். முளை ஒன்று நுழையாது, இன்னொன்று நிற்காது; பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். பெட்டியில் ‘பண்டாய் ஸ்பிரிட்ஸ்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜப்பானுக்குப் போய்வரும் உறவினரோ நண்பரோ இருந்தால் ஒரு பெட்டி சொல்லி அனுப்புங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொடுங்கள். வீட்டில் வாயில் போடும் வயதுக் குழந்தை இருந்தால் துண்டுகளை எட்டாமல் வையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் துண்டை நீங்கள் வாங்கிப் பொருத்தாதீர்கள். அது நுழையவில்லை என்றால் ஏன் நுழையவில்லை என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்படிதான் இந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள்.